720க்கு எத்தனை காரணி? இந்தமாதிரிக் கணக்கில் அகப்பட்டவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்

மாங்குளத்தில் இருந்து:
2011, நாங்கள் மீள்குடியேறிய புதிது. தகரக் கொட்டிலில் ரியூசன். வாங்கு போதாமல் பாதிப்பேர் சாக்கில்தான் இருப்போம். ஒருநாள் சேர் 720க்கு எத்தனை காரணிகள் என்று கேட்டார். நான் 1, 720; 2, 360 என்று சோடி சோடியாக எழுதி, கொப்பியில் ஒரு பக்கத்தை நிரப்பி 28 என்றேன். 16ஐயும் 45ஐயும் விட்டிருந்தேன்.

சேர் கோபிக்கவில்லை. வெளியே போய் நாலு புளியங்கொட்டை, இரண்டு வேப்பங்கொட்டை, ஒரு பனங்கொட்டை பொறுக்கி வந்து மேசையில் வைத்தார். "720 எண்டா நாலு 2, இரண்டு 3, ஒரு 5 எல்லாத்தையும் பெருக்கினது. இதில எடுக்கிறதைப் பெருக்கினா ஒரு காரணி வரும். புளியங்கொட்டையில எத்தனை எடுக்கலாம், தம்பி?"

"ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு. நாலு விதம் சேர்."

"எடுக்காமல் விட்டால்?"

அந்த இடத்தில்தான் எனக்கு வெளித்தது. ஒன்றுமே எடுக்காததும் ஒரு விதம், அப்போது ஐந்து. வேப்பங்கொட்டைக்கு மூன்று, பனங்கொட்டைக்கு இரண்டு. 5 × 3 × 2 = 30. ஒவ்வொரு சுட்டியோடும் (எத்தனை 2, எத்தனை 3 என்ற எண்ணிக்கையோடு) ஒன்றைக் கூட்டிப் பெருக்கு என்று சூத்திரமாக மட்டும் சொல்லியிருந்தால் அடுத்த கிழமையே மறந்திருப்பேன். எல்லாக் கொட்டையையும் மேசையிலேயே விட்டால் வருகிற காரணி 1 என்பதையும் அன்றுதான் கண்டேன்.

முள்ளியவளையில் இருந்து:
எங்கள் வீட்டில் இது தென்னம்பிள்ளைக் கணக்கு. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 கன்று என்பார்கள். எட்டுக்கு எட்டு என்று சதுரமாக வைக்கலாம், ஆனால் எங்கள் காணி ஒடுங்கி நீண்டது. 64 என்றால் ஆறு 2 மட்டும்தான், ஆகவே காரணிகள் 7. 4 × 16, 2 × 32, ஒற்றை வரிசை, அவ்வளவுதான். 60க்கோ 12 காரணி! எண் சிறிது, வழி அதிகம். அப்பாவிடம் சொன்னேன். "நாலு கன்றை உனக்காக எறியிறதோ பிள்ளை?" என்றார். கடைசியில் 4 × 16தான் நட்டார்.

இன்னொன்று: 8 × 8இல் இரண்டு பக்கமும் ஒரே 8. அதனால்தான் வர்க்க எண்களுக்குக் காரணிகள் எப்போதும் ஒற்றைப்படையில் வரும்.

மல்லாவியில் இருந்து:
நான் சாதாரண தர மாதிரிப் பரீட்சையில் 360ஐ 4 × 9 × 10 என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுட்டி 1 என்று போட்டு 8 என்று எழுதினேன். முதன்மைக் காரணியாக உடைக்காவிட்டால் சூத்திரம் பழிவாங்கும். மூன்று 2, இரண்டு 3, ஒரு 5; 4 × 3 × 2 = 24. இப்போது நானே படிப்பிக்கிறேன், பெடியள் அதே 4 × 9 × 10ஐத்தான் எழுதுகிறார்கள்!

சரி, ஒரு கேள்வி. சரியாக 10 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது?

மாங்குளத்தில் இருந்து:
இரவு மகளிடம் கேட்டேன். ஒன்பது புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி 512 என்றாள். பத்துக் காரணி சரி, ஆனால் மிகச் சிறியது இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் ஐந்து புளியங்கொட்டையைத் தட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு வேப்பங்கொட்டையை வைத்தாள்.

48.