ஒன்றுகள் மட்டுமே உள்ள எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும் (வெள்ளிக்குள்)

ஹட்டனிலிருந்து:
அன்பின் எல்லோருக்கும், எங்கள் பாடசாலைக் கணித இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 11, 111, 1111 என்று ஒன்றுகளாகவே வரும் எண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ரிபியூனிட். தமிழில் என்ன போடலாம்?

இலக்கங்களின் எண்ணிக்கை முதன்மை எண்ணாக (1 ஆலும் தன்னாலும் மட்டுமே பிரியும், 1 ஐ விடப் பெரிய எண்) இல்லாவிட்டால் அந்த எண்ணும் முதன்மை ஆகாது. ஆறு ஒன்றுகள் என்றால் 111 ஆல் பிரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை முதன்மையாக இருந்தால் மட்டும் போதாது: 111 = 3 × 37, 11111 = 41 × 271, 1111111 = 239 × 4649. பதினொன்றை விட்டால் அடுத்த முதன்மை எண்ணுக்கு 19 ஒன்றுகள் வேண்டும். பிறகு 23, 317, 1031. "ஒற்றை எண்" என்று எழுதி அழித்தேன், அது 1, 3, 5 ஆகிவிடும்.

பண்டாரவளையிலிருந்து:
டீச்சர், "ஒன்றடுக்கு" என்று போடுங்கள். சின்னச் சொல், யாருக்கும் விளங்கும்.

சென்னையிலிருந்து (ஊர் தலவாக்கலைதான்):
இங்கே அடுக்கு என்றால் நம் சுட்டி (10² இல் மேலே நிற்கும் 2), அப்பா. பத்தின் அடுக்கு என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் முதன்மை எண்ணும் இங்கே பகா எண். பகாத எண் என்று பார்த்ததுமே புரிகிறது, அதையும் யோசிக்கலாம்.

கண்டியிலிருந்து:
பகா எண்ணை இன்னொரு நாள் பார்ப்போம். அடுக்கு கூடாது என்பதற்குக் காரணம் வேறு. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரைதான் அடுக்கும் என்கிறது நன்னூல். டீச்சர் 1031 தடவை அடுக்கப் பார்க்கிறார்! பேரெண்ணுக்குப் பெயர் வைக்கும் வழி தொல்காப்பியத்திலேயே உண்டு. ஐ, அம், பல் என்று முடிகிற எண்ணுப்பெயர்கள் அங்கே வருகின்றன. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர் காட்டுவார்கள். அந்த வழியில் "ஒன்றாம்பல்" என்பேன்.

பண்டாரவளையிலிருந்து:
சேர், பிள்ளைகள் குளத்தில் இறங்கிப் பூத் தேடுவார்கள்.

ஹட்டனிலிருந்து:
நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். 11111 ஐக் கடதாசியில் எழுதிக் காட்டியதும், "இது நெரைதானே" என்றார். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கிற மாதிரித்தான் இருக்கிறது. "ஒன்றுநிரை எண்"?

கண்டியிலிருந்து:
நல்ல சொல், மகள். ஆனால் நிரை என்றால் எனக்குச் செய்யுளின் நிரையசையும் மாட்டு மந்தையான ஆநிரையும்தான் முதலில் வரும். தவிர, பெயருக்கு முன் ஒன்று "ஒரு" ஆகும். ஒருநிரை என்றால் ஒரே ஒரு வரிசை. பொருள் போச்சு.

சென்னையிலிருந்து:
அது எத்தனை என்று சொல்லும் எண்ணுப்பெயரடை இல்லை, சேர். ஒன்றுகளின் நிரை என்று வேற்றுமைத் தொகையாக எடுத்தால் ஒன்று அப்படியே நிற்கும்.

பண்டாரவளையிலிருந்து:
என் வகுப்பில் நிரையும் நிறையும் ஒரே சத்தம். நிறை என்றதும் தராசுதான் ஞாபகம் வரும். தாயத்தில் (மேட்ரிக்ஸ்) நிரை, நிரல் வேறு இருக்கிறது. அங்கே இலக்கம் எதுவும் வரலாம், இங்கே ஒன்று மட்டும். குழம்ப மாட்டார்களா?

சென்னையிலிருந்து:
முன்னால் "ஒன்று" இருக்கிறதே, அது எதற்கு? எனக்குச் சரி.

ஹட்டனிலிருந்து:
அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றுநிரை எண் என்றே போட்டு, அடைப்புக்குறிக்குள் ரிபியூனிட்டும் சேர்த்திருக்கிறேன். வில்லியம்ஸும் டப்னரும் 1986இல் முதன்மை என்று நிறுவிய அந்த 1031 ஒன்றுகளையும் பக்கத்தின் அடியில் முழுதாகக் கொடுத்தோம். அச்சகத்துத் தம்பி, "ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். 1030 ஆனால் 11 ஆல் பிரியும் தம்பி, எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கண்டியிலிருந்து:
இதழில் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒன்றாம்பலை நான் இன்னும் விடவில்லை.