போக்கரில் நான் செய்தது தப்பா?

பாம்பனில் தடைக்காலம், படகெல்லாம் கரையில். திண்ணையில் ஆறு பேர் புளியங்கொட்டை வைத்து போக்கர் ஆடுகிறோம். நேற்று கையில் ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இன்னொரு எண்ணில் இரண்டு. தோற்றவன் மாதிரி முழித்துக்கொண்டே இருந்து, மாமா அதைவிடச் சின்னக் கையான ஃபிளஷைக் காட்டிக் கொட்டையை அள்ளப் போகும்போதுதான் சீட்டை விரித்தேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். விளையாட்டுதானே?

பதில் 1:
இதற்கு ஸ்லோ ரோல் என்று பெயரே இருக்கிறது, போக்கரில் இதைவிட மரியாதைக்கேடு கிடையாது. ஜெயித்த கை என்று தெரிந்தால் உடனே விரித்துவிட வேண்டும். மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பதில் 2:
அப்புறம், கொட்டையை நடுக்குவியலில் வீசாதீர்கள், எத்தனை போட்டீர்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் முன்னால் எண்ணி வையுங்கள். முறை வருமுன் ஃபோல்ட் செய்வதும், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதும் தப்பு, மற்றவர்களுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி.

கேட்டவர்:
டீ கொடுத்தாச்சு. வடையும் கேட்கிறார்.