பாம்புக்கடி கேஸ் ஷீட் ஆய்வு: எந்தப் புள்ளியியல் முறை?

கேள்வி: குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டப் பகுதிகளில் விரியன் கடித்து நாகர்கோவிலுக்கு வந்தவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தொகுக்கிறோம். தாமதமாக வந்தால் டயாலிசிஸ் தேவை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாகப் பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில் பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வருபவற்றை மட்டும், பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் போடலாமா? பல ஷீட்டுகளில் கடித்த நேரமே இல்லை.

பதில் 1: அப்படிப் பொறுக்காதீங்க டாக்டர். வயது, சர்க்கரை நோய், ஏற்கெனவே உள்ள சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவ அறிவை வைத்து முதலிலேயே முடிவு செய்யுங்க. அட்மிஷன் கிரியாட்டினினை (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) சேர்க்கவே கூடாது. தாமதம் சிறுநீரகத்தைக் கெடுத்த பிறகு ஏறுவதுதான் அது. அதைச் சரிக்கட்டினால் தேடுகிற விளைவே மறைந்துபோகும். டயாலிசிஸ் ஆனவர்கள் 40 பேர் என்றால், 10 பேருக்கு ஒரு மாறி என்ற கணக்கில், தோராயமாக 4 மாறிகளோடு நிறுத்துங்க. மூன்று பிரிவுள்ள மாறி இரண்டு இடம் பிடிக்கும். டயாலிசிஸ் ஆனவர்கள் அதைவிடக் குறைவென்றால் ஃபிர்த் முறை (குறைந்த எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய லாஜிஸ்டிக் ரெக்ரஷன்).

பதில் 2: நேரம் இல்லாத ஷீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் செய்யுங்க, அதாவது விடுபட்ட நேரத்தை மற்ற விவரங்களிலிருந்து பலமுறை மதிப்பிட்டு நிரப்புவது, 20 தொகுப்பாவது. அந்த மாடலில் டயாலிசிஸ் விவரமும் இருக்கணும். மயங்கி வந்தவர்களுக்கே நேரம் விடுபட்டிருந்தால் அதுவும் போதாது, வேறு அனுமானங்களோடும் ஓட்டிப் பார்க்கணும். தாமதத்தை '6 மணி நேரத்துக்கு முன், பின்' என்று வெட்டாமல் மணிக்கணக்காகவே வையுங்க.

இன்னொன்று, ரெஃபரல் சீட்டைப் புரட்டுங்க. முதல் விஷமுறிவு ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அந்த நேரம், வார்டுக்கு வந்த நேரம் இல்லை.

பதில் 3: டயாலிசிஸ் ஆனவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், லாஜிஸ்டிக் ரெக்ரஷன் தரும் ஆட்ஸ் ரேஷியோவை ரிஸ்க் ரேஷியோ (ஆபத்து எத்தனை மடங்கு) என்று படித்தால் பாதிப்பைப் பெரிதாகக் காட்டும். ரோபஸ்ட் பிழையோடு (பிழை அளவைத் திருத்திக் கணக்கிடுவது) பாய்சான் ரெக்ரஷன் போட்டு ரிஸ்க் ரேஷியோ கொடுங்க.