சிலிண்டரில் கேஸ் இருக்கும்போதே தீ இறங்கிவிடுகிறது, ஏன்?

பெரியபர்னர்:
பட்டறையில் உலோகம் சூடாக்க ஒரு பெரிய பர்னரை ஒற்றை எல்பிஜி சிலிண்டரில் மாட்டி ஓட்டுகிறேன். முதலில் நன்றாக எரிகிறது, போகப்போகத் தீ இறங்கிக் கடைசியில் பேருக்குத்தான் எரிகிறது. சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புகிறது, மறுநாள் மாட்டினால் பழையபடி ஜோராக எரிகிறது! ரெகுலேட்டரை மாற்றியும் பயனில்லை. படுக்க வைத்தால் சரியாகும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

நீலச்சுடர்:
படுக்க மட்டும் வைக்காதீர்கள். நிற்கும்போது மேலே உள்ள ஆவிதான் வெளியே வரும், படுத்தால் திரவமே குழாயில் இறங்கிவிடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். ஆவிக்கென்று செய்த பர்னரில் அது வந்தால் தீ எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வால்வு:
ரெகுலேட்டர் மேல் பழி போடாதீர்கள். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், கிலோவுக்கு ஏறத்தாழ 350 முதல் 400 கிலோஜூல். அதே கிலோ எரியும்போது 46 மெகாஜூல், அதாவது 46,000 கிலோஜூல் தருகிறது, ஆக, ஆவியாகக் கேட்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பங்கும் சுற்றியுள்ள காற்றிலிருந்து சிலிண்டர் சுவர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். உங்கள் பர்னர் இழுக்கும் வேகத்துக்கு அது வந்து சேர்வதில்லை, அதனால் திரவம் குளிர்கிறது, குளிர்ந்தால் ஆவியழுத்தம் (வாயுவை வெளியே தள்ளும் அழுத்தம்) விழுகிறது, தீயும் விழுகிறது. ராத்திரி முழுக்கச் சும்மா இருந்ததில் சூடு திரும்பிவிடுகிறது, அதுதான் மறுநாள் ஜோர்.

பெரியபர்னர்:
சரி, புரிகிறது. பாதிக்குமேல் காலியான பிறகுதான் தொல்லை அதிகம், அதுவும் இதனால்தானா?

வால்வு:
ஆமாம், திரவம் குறையக் குறைய அது தொடும் சுவரும் குறைகிறது. இன்னொன்று, எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் சேர்ந்த கலவை. அதில் புரொப்பேன் -42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். எளிதாகக் கிளம்பும் புரொப்பேன் முதலில் அதிகமாகப் போய்விடும், அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் சோம்பேறி பியூட்டேன். குளிர்காலத்தில் இது நன்றாகவே தெரியும்.

கரிமூட்டம்:
இவ்வளவு எதற்கு? கொதிக்கிற வெந்நீரை ஊற்றினால் உடனே தீ ஏறும்.

நீலச்சுடர்:
ஏறும்தான், உள்ளே அழுத்தமும் சேர்ந்து ஏறும். திரவம் விரிய இடம் வேண்டும் என்றுதான் சிலிண்டரை 80, 85 சதவீதத்தோடு நிறுத்துகிறார்கள். வேண்டாம்.

இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் குழாயில்) சேர்த்து இழுங்கள், ஒவ்வொன்றின் மேலும் சுமை குறையும். அதற்கும் மேல் தேவையென்றால் தொழிற்சாலைகளில் வைப்பதுபோல் வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி), அதற்குத் திரவம் எடுக்கும் தனி வால்வு உள்ள சிலிண்டர் வேண்டும். இணைப்பை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். சிலிண்டர்களைப் பள்ளம், சாக்கடை பக்கம் வைக்காதீர்கள், இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து அங்கேதான் போய்த் தேங்கும்.