பிரவுசர்ல பாஸ்வேர்ட் சேவ் பண்ணி வெக்கலாமா, இல்ல எல்லாத்தையும் அழிச்சிரணுமா?

கத்துக்குட்டி:
மக்களே ஒரு டவுட். ரொம்ப வருஷமா என்னோட பாஸ்வேர்ட் எல்லாம் குரோம்லதான் கிடக்கு. லாகின் பண்ணதும் மேல ஒரு சின்ன பாக்ஸ் வருமே சேவ் பண்ணவான்னு, அதுல யோசிக்காம சேவ் குடுத்துட்டு போயிட்டே இருக்குற ஆளு நான். நேத்து செட்டிங்ஸ்ல வேற எதையோ தேடப்போய் பாஸ்வேர்ட் மேனேஜர்ல போய் நின்னேன், பாத்தா மறந்தே போன சைட்டெல்லாம் வரிசையா நிக்குது, கண்ணு ஐகானை அமுக்குனா விண்டோஸ் பின் கேட்டுச்சு, போட்டதும் பாஸ்வேர்ட் அப்படியே பட்டவர்த்தனமா தெரியுது. அந்த பின் வீட்ல அத்தனை பேருக்கும் தெரியும், ஏன்னா ஒரே லேப்டாப், ஒரே யூசர்.

கூட வேலை பாக்குறவர்கிட்ட சொன்னா, பிரவுசர்ல சேவ் பண்றதே முட்டாள்தனம், மொத்தமா அழிச்சிட்டு மனசுல வெச்சுக்கோங்குறார். அம்புட்டையும் எப்படிங்க மனசுல வெக்கிறது? அப்புறம் ரெண்டு சில்லறைப் பிரச்சினை. ஒரு சைட்டுல யாரோ "நெவர்" அமுக்கிட்டாங்க போல, இப்ப அது சேவ் பண்ணவான்னு கேக்கவே மாட்டேங்குது. இன்னொரு சைட்டுல பாஸ்வேர்ட் மாத்தினப்புறமும் பழசையே கொண்டாந்து நிரப்புது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திண்ணைவாசி:
முதல்ல எதையும் அழிக்காதீங்க ப்ரோ. சிங்க் (லேப்டாப்லயும் போன்லயும் ஒரே லிஸ்ட்டா வெக்கிற வசதி) ஆன்ல இருந்தா லேப்டாப்ல அழிச்சது போன்லயும் போயிரும், அப்புறம் ஒவ்வொரு சைட்டா ஃபர்காட் பாஸ்வேர்ட் குடுத்துட்டு உக்காந்திருக்கணும்.

சில்லறைப் பிரச்சினை ரெண்டும் ஈஸி. குரோம் பாஸ்வேர்ட் மேனேஜர்ல செட்டிங்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், அதுல கீழ போனா சேவ் பண்ண வேணாம்னு சொன்ன சைட்டெல்லாம் தனி லிஸ்ட்டா இருக்கும், உங்க சைட்டு பக்கத்துல இருக்குற எக்ஸை அமுக்கி தூக்கிட்டு திரும்ப லாகின் பண்ணுங்க, கேக்கும். ஃபயர்ஃபாக்ஸ்னா இதையே எக்ஸெப்ஷன்ஸ்னு வெச்சிருப்பான். பழசை நிரப்புற சைட்டுக்கு அனேகமா ரெண்டு என்ட்ரி இருக்கும், ஒண்ணுல யூசர்நேம் காலியா கூட இருக்கலாம், பாஸ்வேர்ட் மாத்துற பக்கத்துல யூசர்நேம் பாக்ஸே இல்லாதப்போ பிரவுசர் குழம்பி அப்படி சேவ் பண்ணிரும். எது வேலை செய்யுதுன்னு பாத்துட்டு மத்ததை டிலீட் பண்ணுங்க.

மனசுல வெச்சுக்கோன்னு சொல்றவங்களைப் பத்தி: அப்படி வெக்கிற ஆளு கடைசில ஒரே பாஸ்வேர்டைத்தான் எல்லா இடத்துலயும் போடுவார், கடைசில ஒரு நம்பரை மட்டும் மாத்துவார். ஏதோ ஒரு சின்ன சைட்டுல லீக் ஆனா அதை எடுத்து உங்க மெயில்ல போட்டுப் பாப்பாங்க, அதுக்குன்னே ஸ்கிரிப்ட் ஓடிட்டு இருக்கு. அதை விட பிரவுசர்ல ஒவ்வொரு சைட்டுக்கும் வேற வேற பாஸ்வேர்ட் சேவ் பண்றது எவ்வளவோ மேல்.

லினக்ஸ்காரன்:
திண்ணைவாசி சொன்னது சரி, ஆனா முழுசா சொல்லல. பிரச்சினை உங்க பிரவுசர்ல இல்ல, அந்த "ஒரே லேப்டாப் ஒரே யூசர்"ல இருக்கு.

குரோம் பாஸ்வேர்டை என்கிரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி மாத்தித்தான் டிஸ்க்ல வெக்கிறான், சும்மா எழுதி வெக்கல. ஆனா விண்டோஸ்ல அதோட சாவி உங்க விண்டோஸ் லாகினோட கட்டியிருக்கு. நீங்க லாகின் பண்ணி உள்ள வந்துட்டா, உங்க பேர்ல ஓடுற எந்த ப்ரோக்ராமும் விண்டோஸ்கிட்ட "இதை திறந்து குடு"ன்னு கேக்கலாம், விண்டோஸும் குடுத்துரும். கிராக் பண்ண சாஃப்ட்வேர், கேம் சீட் இதுகளோட ஒட்டிக்கிட்டு வர்ற இன்ஃபோஸ்டீலர் மால்வேர் எல்லாம் இதைத்தான் பண்ணுது, சில செகண்ட்ல பாஸ்வேர்டையும், நீங்க லாகின் ஆகியிருக்கீங்கன்னு சைட்டுக்கு காட்டுற குக்கியையும் சுருட்டி அனுப்பிச்சிரும். 2024ல குரோம் 127ல இருந்து விண்டோஸ்ல கூடுதலா ஒரு பூட்டு போட்டாங்க, முதல்ல குக்கிக்கு. அதை தாண்டுற வழியையும் கொஞ்ச நாள்லயே கண்டுபிடிச்சிட்டாங்க.

அந்த கண்ணு ஐகான் பின் கேக்குதேன்னு நிம்மதியா இருக்காதீங்க. லாகின் பக்கத்துல பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியா தானா நிரம்பி நிக்கும்ல, அந்த பாக்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்து, டைப் பாஸ்வேர்ட்னு இருக்குறதை டைப் டெக்ஸ்ட்னு மாத்துனா புள்ளியெல்லாம் எழுத்தா மாறிடும். பின்னும் வேணாம் ஒண்ணும் வேணாம். அதான் பெரும்பாலும் பாஸ்வேர்டை பாக்கவே வேண்டாமே, லாகின் பட்டனை அமுக்குனா உள்ள போயிரலாம்.

அதனால வீட்ல ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர் போடுங்க, உங்க பின்னை மாத்துங்க, எந்திரிச்சு போறப்ப விண்டோஸ் கீயும் எல்லும் சேத்து அமுக்கி லாக் பண்ணுங்க. சில பேர் குரோம்ல தனித்தனி ப்ரொஃபைல் போட்டா போதும்னு நினைக்கிறாங்க. அது பாஸ்வேர்ட் கலந்துராம இருக்கத்தான் உதவும், மேல இருக்குற படத்தை கிளிக் பண்ணி யார் வேணா யார் ப்ரொஃபைலுக்கும் தாவலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் வந்தா, சேவ் பண்ண எல்லாத்தையும் பூட்டி வெக்க பிரைமரி பாஸ்வேர்ட்னு ஒண்ணு இருக்கு, பழைய கைடுல மாஸ்டர் பாஸ்வேர்ட்னு போட்டிருக்கும், அதேதான். அதை போட்டாத்தான் அங்க பூட்டுக்கு அர்த்தம். போடலன்னா ப்ரொஃபைல் ஃபோல்டர்ல இருக்குற ரெண்டு ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டு போய் வேற மெஷின்ல திறந்துரலாம், சாவியும் பூட்டும் ஒரே பையில கிடக்குற கதைதான்.

பேனாமுனை:
எல்லாரும் சிரிச்சாலும் பரவால்ல, நான் நோட்டுலதான் எழுதி வெக்கிறேன். உலகத்துல எந்த ஹேக்கரும் என் அலமாரியை திறக்க முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தரம் எல்லாத்தையும் மாத்திடறேன். இந்த இன்ஃபோஸ்டீலர் கதையெல்லாம் படிச்சா நான்தான் சரின்னு தோணுது.

லினக்ஸ்காரன்:
@பேனாமுனை சிரிக்கல அக்கா, தூரத்துல இருந்து வர்ற திருட்டுக்கு நோட்டு நல்ல பாதுகாப்புதான். ஆனா ரெண்டு இடத்துல அடி வாங்கும். கையால டைப் அடிக்கணும்னா யாரும் இருபது எழுத்து பாஸ்வேர்ட் வெக்க மாட்டோம், தானா சுருங்கிரும். ரெண்டாவது, போலி சைட். அட்ரஸ்ல சின்ன எல்லுக்கு (l) பதிலா 1ங்குற நம்பரைப் போட்டு அச்சு அசலா ஒரு பக்கம் செஞ்சு லிங்க் அனுப்புவான், நம்ம கண்ணு ஏமாந்துரும், நோட்டைப் பாத்து நாமளே டைப் பண்ணி குடுத்துருவோம். பிரவுசர் டிசைனைப் பாக்காது, டொமைனை, அதாவது அட்ரஸ்ல இருக்குற சைட்டோட பேரைத்தான் பாக்கும், பொருந்தலன்னா நிரப்பாது. தினமும் தானா நிரம்புற இடத்துல ஒரு நாள் நிரம்பலன்னா காப்பி பேஸ்ட் பண்ண ஓடாதீங்க, அட்ரஸ் பாரை எழுத்து எழுத்தா படிங்க. நிஜ சைட்டே லாகின் பக்கத்தை வேற அட்ரஸுக்கு மாத்தினாலும் இப்படி ஆகும், அப்ப சைட்டை நீங்களே டைப் பண்ணி உள்ள போங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தரம் மாத்துறது தேவையில்ல. அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லயே, லீக் ஆன அறிகுறி இல்லாம கால இடைவெளி வெச்சு மாத்தச் சொல்லாதீங்கன்னு வழிகாட்டுதல்ல எழுதிட்டாங்க. அடிக்கடி மாத்தச் சொன்னா ஜனங்க லேசான பாஸ்வேர்டைத்தான் வெக்கிறாங்க.

பேனாமுனை:
அந்த டொமைன் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். நோட்டை விடுறதா இல்ல, ஆனா மெயிலுக்கு மட்டும் பிரவுசர்ல போட்டுப் பாக்குறேன்.

திண்ணைவாசி:
மெயிலுக்குன்னா டூ ஸ்டெப்பையும் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு கேக்குறது) ஆன் பண்ணிருங்க அக்கா. மெயில் போச்சுன்னா மத்த எல்லா சைட்டோட ரீசெட் லிங்க்கும் அங்கதான் வரும். அப்ப ஒரு பேக்கப் கோட் லிஸ்ட் குடுப்பான், அதை எழுதி வெக்க உங்க நோட்டு சரியான இடம், போன் தொலைஞ்சா அதுதான் கைகொடுக்கும்.

கத்துக்குட்டி:
எல்லாருக்கும் நன்றி. நெவர் லிஸ்ட் சரியாயிடுச்சு, காலி யூசர்நேம் என்ட்ரியும் இருந்துச்சு, தூக்கிட்டேன். தனி யூசரும் போட்டாச்சு, வீட்ல கொஞ்சம் முணுமுணுப்பு.

இப்ப பேசாம தனி பாஸ்வேர்ட் மேனேஜருக்கே போயிரலாமான்னு இருக்கு. பிட்வார்டன், கீபாஸ்னு பேரு அடிபடுது. ஆனா அதே மாதிரி மேனேஜரான லாஸ்ட்பாஸ்ல ஏதோ திருட்டு நடந்துச்சுன்னும் படிச்சேன், அதான் கை நடுங்குது.

மழைக்காத்து:
லாஸ்ட்பாஸ் விஷயம் 2022. வாடிக்கையாளரோட பாஸ்வேர்ட் எல்லாம் இருக்குற பெட்டகத்தோட பேக்கப் காப்பியையே அள்ளிட்டுப் போயிட்டாங்க. உள்ள பாஸ்வேர்ட் என்கிரிப்ட் ஆகித்தான் இருந்துச்சு, ஆனா எந்தெந்த சைட்டுன்ற அட்ரஸ் என்கிரிப்ட் ஆகாம இருந்துச்சு. காப்பி கையில கிடைச்சுட்டா எத்தனை தடவை வேணா, பெட்டகத்தை திறக்குற மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகிச்சுப் பாக்கலாம், தடுக்க ஆளில்ல. லேசா வெச்சவங்களுக்குத்தான் பெரிய ஆபத்து. அதனால எங்க போனாலும் மாஸ்டர் பாஸ்வேர்ட் நீளமா இருக்கட்டும், சம்பந்தமில்லாத அஞ்சாறு சொல்லை கோத்து வெச்சா போதும்.

ரெண்டுல எதுன்னு கேட்டா, போன் லேப்டாப் ரெண்டுலயும் வேணும்னா பிட்வார்டன். ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீ அக்கவுன்ட்டே தாராளம். எதையும் வெளி சர்வர்ல வெக்க மனசு வரலன்னா கீபாஸ் வகையில கீபாஸ்எக்ஸ்சி, ஒரே ஒரு ஃபைல், பேக்கப் எடுக்குற பொறுப்பு உங்களோடது. ரெண்டுலயும் மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தா மீட்டுக் குடுக்க யாராலயும் முடியாது, அதை மட்டும் பேப்பர்ல எழுதி பத்திரமா வையுங்க.

ஆனா குரோம்ல இருந்து எடுத்துட்டு வர்றப்ப ஒரு இடத்துல உஷாரா இருக்கணும். எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரு சிஎஸ்வி ஃபைல் வரும். நோட்பேட்ல திறந்து பாருங்க, சைட் பேர், அட்ரஸ், யூசர்நேம், பாஸ்வேர்ட்னு கமா போட்டு வரிக்கு வரி அப்படியே படிக்கலாம், பூட்டு கீட்டு எதுவும் கிடையாது. நிறைய பேர் இம்போர்ட் முடிஞ்ச சந்தோஷத்துல அதை டவுன்லோட்ஸ்லயே விட்டுட்டுப் போயிருவாங்க. குரோம்ல சேவ் பண்ணது ஆபத்துன்னு பயந்து ஓடி, அதை விட ஆபத்தான ஒண்ணை டெஸ்க்ல வெச்சுட்டுப் போற மாதிரி. கிளவுடோட சிங்க் ஆகுற ஃபோல்டர்ல சேவ் பண்ணாதீங்க, மெயில்ல உங்களுக்கே அனுப்பிக்காதீங்க. இம்போர்ட் ஆனதும் நாலஞ்சு சைட்டுல லாகின் ஆகுதான்னு பாத்துட்டு ஷிஃப்ட் டிலீட் பண்ணுங்க, ரீசைக்கிள் பின்ல தங்கக்கூடாது.

அதுக்கப்புறம்தான் குரோம்ல இருக்குறதை அழிக்கணும், கூடவே சேவ் பண்ணவான்னு கேக்குற ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிருங்க. இல்லன்னா ஒரே பாக்ஸை நிரப்ப குரோமும் புது மேனேஜரும் அடிச்சுக்குவாங்க, எதுல புது பாஸ்வேர்ட் இருக்குன்னு உங்களுக்கே தெரியாது.

லினக்ஸ்காரன்:
ஒண்ணு சேத்துக்கிறேன். மால்வேர் மெஷின்ல இருந்தா தனி மேனேஜரும் காப்பாத்தாது, நீங்க பெட்டகத்தை திறந்து வெச்சிருக்கப்ப அதுவும் பாத்துட்டுத்தான் இருக்கும். லேப்டாப் சுத்தமா இருக்கான்னு முதல்ல பாருங்க. மெஷின் சுத்தமா இருந்து தனி யூசரும் போட்டுட்டா, சோம்பேறித்தனமா குரோம்லயே இருந்தாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். கூகுள் அக்கவுன்ட்ல டூ ஸ்டெப் இருக்கணும், அவ்வளவுதான், ஏன்னா சிங்க் ஆனது அத்தனைக்கும் அந்த அக்கவுன்ட்தான் வாசல்.

கத்துக்குட்டி:
சரி, அப்ப இந்த வாரம் வைரஸ் ஸ்கேன், டூ ஸ்டெப் ரெண்டும். மேனேஜர் மாத்துறதை நிதானமா லீவு நாள்ல வெச்சுக்கிறேன். ஒரு கடைசி கேள்வி, குரோம்ல செக்கப்னு ஒண்ணு ஓட்டுனேன், பாதி பாஸ்வேர்டுக்கு மேல சிவப்புல லீக் ஆயிருக்குன்னு வருது. அப்ப என் பாஸ்வேர்டை எல்லாம் கூகுளுக்கு அனுப்பித்தான் செக் பண்ணுதா?

மழைக்காத்து:
அப்படியே அனுப்பாது, என்கிரிப்ட் பண்ணித்தான் ஒப்பிட்டுப் பாக்கும், அவங்க படிக்க முடியாத மாதிரி. ட்ராய் ஹன்ட் 2013ல ஆரம்பிச்ச ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்டுல இன்னும் எளிமையான வழி இருக்கு, பாஸ்வேர்டோட ஹாஷ்ல (பாஸ்வேர்டை கணக்கு போட்டு மாத்துன, திருப்பி எடுக்க முடியாத எழுத்து வரிசை) முதல் அஞ்சு எழுத்து மட்டும்தான் போகும், அதுல ஆரம்பிக்கிற மொத்த லிஸ்ட்டும் திரும்பி வரும், மிச்சத்தை உங்க மெஷினே பொருத்திப் பாத்துக்கும்.

சிவப்பு லிஸ்ட்டை மேல இருந்து கீழ வரிசையா மாத்தாதீங்க, பாதியில அலுத்துப் போயிரும். மெயில் முதல்ல, அடுத்து பணம் சம்பந்தப்பட்டது, அப்புறம் சோஷியல் மீடியா. என்னைக்கோ ஒரு தரம் லாகின் பண்ண சைட்டை மாத்துறதை விட அக்கவுன்ட்டையே மூடிருங்க.