பொது ஃபோல்டரில் இருக்கும் அக்சஸ் ஃபைலை யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகச் சரக்கு இருப்புக் கணக்கு முழுவதும் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. சர்வரில் பொது ஃபோல்டர், 14 பேர் பயன்படுத்துகிறோம். மாதக் கடைசியில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' (ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் கட்டளை) கொடுப்பது என் வேலை.

நேற்று மாலை எல்லோரும் மூடிவிட்டதாகச் சொன்னார்கள். மேசை மேசையாகப் போயும் பார்த்தேன், ஒரு திரையிலும் அக்சஸ் இல்லை. ஆனாலும் ஃபைல் வேறொருவர் பயன்பாட்டில் இருக்கிறது என்றே வருகிறது. அதே பெயரில், எல்ஏசிசிடிபி என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று போகாமல் நிற்கிறது. நோட்பேடில் திறந்தால் 9 கம்ப்யூட்டர் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அட்மின்'. 9 பேருமா உள்ளே இருக்கிறார்கள்? அந்த ஃபைலை டெலீட் செய்யலாமா? இரவு எட்டரை வரை போராடிப் பார்த்தேன், முடியவில்லை.

பதில் 1:
9 பேரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சின்ன ஃபைல், டேட்டாபேஸை யாராவது திறக்கும்போது அக்சஸே உருவாக்குவது, கடைசி ஆள் மூடும்போது அதுவே அழித்துவிடும். அதில் ஆளுக்கு 64 பைட் இடம். முதல் 32 கம்ப்யூட்டர் பெயருக்கு, அடுத்த 32 அக்சஸின் பயனர் பெயருக்கு. பாஸ்வேர்டோடு தனித்தனிப் பயனர் வைக்காததால் எல்லோருக்கும் 'அட்மின்' என்றே விழும், அதை விட்டுவிடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் வெளியே போனாலும் அவர் பெயர் அழியாது. அடுத்து வருபவர் அந்த இடத்தில் எழுதும்வரை அப்படியே கிடக்கும். உள்ளே இருப்பது யார் என்பதை அக்சஸ் அந்தப் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, ஃபைல் மேல் விழுந்திருக்கும் லாக்கை (பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் பூட்டை) பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நோட்பேடில் அது தெரியாது. கொஞ்சம் விபிஏ (அக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழி) தெரியுமென்றால், டேட்டாபேஸோடு பேச உதவும் ஏடிஓ வழியாக 'யூசர் ரோஸ்டர்' என்ற பயனர் பட்டியலை எடுங்கள். அதில் 'கனெக்டட்' என்று ஒரு நெடுவரிசை வரும், இப்போது உண்மையில் இணைந்திருப்பவர் யார் என்று காட்டும்.

டெலீட் பற்றி: யாராவது உள்ளே இருந்தால் விண்டோஸே விடாது. விட்டுவிட்டால், யாரோ வெளியேறியபோது அழிக்க முடியாமல் மிச்சமாகிப்போன ஃபைல் அது. அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் அழிக்கும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் மாதாமாதம் இதே கதைதான்.

பதில் 2:
ஆளின் பெயரே வேண்டுமென்றால் சர்வரில் பார்ப்பதுதான் சுருக்கு வழி. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓபன் ஃபைல்ஸ். உங்கள் ஃபைலுக்கு எதிரே விண்டோஸ் பயனர் பெயர் இருக்கும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் 'கெட்-எஸ்எம்பிஓபன்ஃபைல்' கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பதும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் அட்மின் உரிமை வேண்டும்.

அங்கேயே 'க்ளோஸ் ஓபன் ஃபைல்' என்று ஒரு வழி கண்ணில் படும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அறுத்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். நான் ஒருமுறை அவசரத்தில் செய்துவிட்டு, முந்தைய நாள் பேக்கப்பை எடுத்து வைத்து, ஒரு நாள் முழுவதற்கும் உண்டான ரசீதுகளை மூன்று பேரை உட்கார வைத்து மறுபடி அடித்தேன்.

கேட்டவர்:
சர்வரில் பார்த்தோம். ஒரே ஒரு பெயர்தான் வந்தது, அவர் நேற்றிலிருந்து விடுப்பில்! அவருடைய கம்ப்யூட்டரையும் பார்த்தேன். லாகின் திரைதான் நிற்கிறது, எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை.

பதில் 1:
வீட்டிலிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவரா? அந்த விண்டோவை எக்ஸ் அடித்து மூடினால் இணைப்பு மட்டும்தான் அறும். உள்ளே திறந்திருந்த அக்சஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் லாகின் திரைதான். ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், முதலில் அவரிடம் பேசுங்கள்.

கேட்டவர்:
அதேதான் சார், மிக்க நன்றி. போன் செய்தேன். அவர் மறுபடி உள்ளே வந்து பார்த்தால், சரக்கு வரவு ஃபாரம் ஒன்று பாதியில் நின்றிருக்கிறது. 23-வது வரியில் அளவு போட்டு விலை போடாமல் விட்டிருக்கிறார். விலையைப் போட்டு, சேவ் செய்து, அக்சஸை மூடி, இந்த முறை சைன் அவுட்டும் செய்தார். நான் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்ஏசிசிடிபி தானாகவே மறைந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு காம்பாக்ட் கொடுத்திருக்கிறேன், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.