பேஸ்ட் போட்டுத் தேய்த்த ராணி

காசு சேர்க்கிறவர்கள் கூடினால் கிடைத்த நல்ல காசைப் பற்றித்தான் பேச்சு ஓடும். நான் கெடுத்த காசைப் பற்றி எழுதுகிறேன். இதே மாதிரி யாராவது கெடுத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. தாத்தாவின் மேசை இழுப்பறையில் ஒரு பெரிய வெள்ளிக் காசு கிடைத்தது. அகலம் கிட்டத்தட்ட 4 செ.மீ. ஒரு பக்கம் முக்காடு போட்ட, கொஞ்சம் பூசினாற்போல் ஒரு அம்மாள். மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, ஓரத்தில் 1780 என்று ஆண்டு. காசு முழுக்கக் கருப்பு, விளிம்பில் மட்டும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சாயல். அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். பல் தேய்க்கும் பேஸ்ட், பழைய பிரஷ், அரை மணி நேரம். கண் கூசுகிற மாதிரி வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தாத்தாவிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா உழைச்சிருக்கேடா" என்றார், அவ்வளவுதான். அதைப் பாராட்டு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

வெள்ளியில் படிகிற கருமை அழுக்கு இல்லை. காற்றில் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, நீலம், கடைசியில் கருப்பு. இந்த நிறங்களுக்காகவே காசைத் தேடுகிறவர்கள் உண்டு. பேஸ்ட்டில் இருக்கிற உரைபொடி படலத்தோடு வெள்ளியையும் சேர்த்து வழித்துவிடும். புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் மாதிரி சுழலும், பார்த்திருப்பீர்கள். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுவதால் விழும் நுண்கோடுகளின் வேலை அது. தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும். போனால் போனதுதான், எந்த வித்தை செய்தாலும் திரும்பாது.

வளர்ந்த பிறகு பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். முதல் வேலையாக அந்த அம்மாளின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாகக் கீறல். பதினோரு வயதில் என் கை சுற்றிய வழி அப்படியே பதிந்திருந்தது.

அடுத்த அடி ஆண்டில் விழுந்தது. 1780ஆம் வருஷத்துக் காசு கையில் இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, "இது 1780ல அடிச்சதா இருக்காது தம்பி" என்றார். போலியா என்று கேட்டேன். "போலியும் இல்லை" என்று சிரித்தார்.

காசில் இருப்பவர் மரியா தெரேசா, ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி. அவர் இறந்தது 1780இல். ஆனால் செங்கடல் பக்கத்து வணிகர்கள் இந்த முகம் இருந்தால்தான் வாங்குவோம் என்று நின்றுவிட்டார்கள். ஆகவே அவர் போன பிறகும் அதே முகம், அதே ஆண்டு போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டும் இல்லை. ரோம், பாரிஸ், லண்டன், பர்மிங்காம், பம்பாய் என்று பல இடங்களில் அச்சேறியது. 1858இல் ஆஸ்திரியாவே இது எங்கள் நாட்டில் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. தோள் பதக்கத்து முத்து தெளிவாக இருக்கிறதா, மார்பளவு உருவத்துக்குக் கீழே எஸ்.எஃப். என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்களாம். அந்த எழுத்துகள் ஷோபல், ஃபாபி என்ற இரண்டு அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) அதிகாரிகளின் பெயர்ச் சுருக்கம். எந்த ராஜாவும் இல்லை, இரண்டு அலுவலர்கள்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

* * *

ஐயா, என் கதை நேர் எதிர். உங்களுடையது போலி மாதிரி தெரிந்த அசல், என்னுடையது அசல் மாதிரி தெரிந்த போலி. இரண்டு பக்கமும் தலை இருக்கிற காசு ஒன்று கிடைத்தது. அச்சுப்பிழைக் காசு, இனி நம்மைக் கையில் பிடிக்க முடியாது என்று ஒரு வாரம் மிதந்தேன். கூட்டாளிகளோடு பூவா தலையா போட்டு எல்லாரையும் ஜெயித்தேன், அது வேறு. பிறகு ஒரு பெரியவர் அதை வாங்கி மேசைமேல் விட்டார். 'ணிங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டொக்' என்றது. லென்ஸைக் கொடுத்து, விளிம்பின் உள்ஓரத்தைப் பார் என்றார். முடி கனத்துக்கு ஒரு கோடு முழு வட்டமாகச் சுற்றி வந்தது. ஒரு காசைக் கிண்ணம் மாதிரி குடைந்து, இன்னொன்றை ராவிச் சிறிதாக்கி உள்ளே பதித்திருக்கிறார்கள். வித்தை காட்டுகிறவர்களுக்காகச் செய்வது. அசல் பிழை வேறு மாதிரி இருக்கும் என்றும் அவர்தான் சொன்னார்: அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே தலை குழியாக, இடவலம் மாறி விழும்.

* * *

ஐயா, தம்பி, நான் எதையும் தேய்க்கவில்லை, குடையவில்லை. பத்திரமாக வைத்தேன், அதனாலேயே கெட்டது. வளைந்து கொடுக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் தாள் ஆல்பத்தில் செப்புக் காசுகளை வரிசையாகச் செருகி அலமாரியில் பூட்டிவிட்டேன். பிள்ளைகள், வேலை என்று பத்து வருஷம் ஓடியது. திறந்து பார்த்தால் பச்சைப் பசை, தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது. அந்தத் தாள் பிவிசி. நாள்பட அதிலிருந்து கசிகிற அமிலம் செம்பை அரித்துவிடுமாம். கலப்பில்லாத அசிட்டோனில் ஊறப்போட்டதும் பசை கரைந்து போனது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பசை போன இடத்தில் பார்த்தால் குழி. பதினேழு காசுகளில் நான்குதான் தப்பின. இப்போது மைலார் என்கிற பாலியெஸ்டர் தாள் உறைதான், விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பேன். வீட்டில் யார் கட்டைவிரலை நீட்டினாலும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். அம்மா, நான்கு தப்பியதே பெரிய விஷயம். தம்பி, சத்தத்தை மட்டும் நம்பாதே. விரிசல் விட்ட அசல் காசும் 'டொக்' என்றுதான் சொல்லும். தண்ணீர்ச் சோதனையையும் பழகிக்கொள். என் ராணியையும் அப்படிப் பார்த்தேன். தனியாக எடை 27.9 கிராம். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். காசை நூலில் கட்டி அடி தொடாமல் முக்கினால் 2.74 காட்டியது. 27.9ஐ அதால் வகுத்தால் அடர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 10.2க்கு ஒரு மயிரிழை கீழே. ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு என்றால் அந்தக் கணக்குத்தான் வர வேண்டும். புதிதாக அடித்த காசின் எடை 28.07. குறைகிற அந்தக் கொஞ்சத்தில் எத்தனை கைகள் தேய்த்தது, எவ்வளவு என் பேஸ்ட் தேய்த்தது என்று மட்டும் எந்தத் தராசும் சொல்லவில்லை.

கீறலைப் போக்க ஏதாவது மருந்து உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. போக்குகிறேன் என்று கிளம்பினால் அது இரண்டாவது பேஸ்ட். காகித உறையில் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். போன மாதம் எடுத்துப் பார்த்தபோது கழுகின் வால் பக்கம் இளமஞ்சள் தட்டியிருந்தது. கன்னம் இன்னும் வெளுப்புத்தான்.